ஆறு மணிக்கு மேல் நாற்பது நிமிடம்

இரண்டாவது தடவையும் தேறவில்லை என்று கடிதம் வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் மூன்று வார்டுகளுக்கும் இரண்டு மாடிகளுக்கும் நடுவே ஓடிவிட்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து கடிதத்தைப் பிரித்தாள். மதிப்பெண்ணுக்குக் கீழே தேர்வாளர் ஒருவர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: "மொழி நன்றாக இருக்கிறது. அமைப்பு புரியவில்லை."

"யாருக்குப் புரியலையாம்? அவங்களுக்கா, உனக்கா?" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். சிங்க்கில் கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்குத்தான்."

"பத்தொம்பது நாடு ஒண்ணா உக்காந்து தண்ணியைப் பத்திப் பேசுது. இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எல்லை தாண்டி ஓடும் ஆறுகளைப் பங்குபோட்டுக்கொள்ளும் நாடுகள் சேர்ந்து நடத்துவது அந்த நதிநீர் அமைப்பு. அதன் கூட்டங்கள் ஐந்து மொழிகளில் நடக்கும். மண்டபத்தின் பின்சுவரில் வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள். கூண்டுக்கு இரண்டு பேர் உட்கார்ந்து, கீழே ஒருவர் பேசப் பேச, அதைத் தங்கள் மொழியில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிரதிநிதிகள் ஹெட்போனில் கேட்பார்கள். அந்தக் கூண்டில் ஓர் இடம். அதற்குத்தான் அவள் நாற்பத்துமூன்று வயதில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடமாக அவள் செய்த வேலையும் மொழிபெயர்ப்புதான். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அவர் மொழி தெரியாத நோயாளிக்கும் நடுவே நிற்பது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்வார். கட்டி என்பதையும், பரவிவிட்டது என்பதையும், இனி வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்பதையும் நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள். எத்தனையோ பேருக்கு அவர்களுடைய வாழ்க்கையின் மிகக் கெட்ட செய்தி அவள் குரலில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அணை, மதகு, கன அடி என்று உயிரில்லாத பொருள்களைப் பற்றிப் பேசுவது லேசாக இருக்கும் என்று நம்பித்தான் விண்ணப்பம் போட்டாள்.

மூன்றாவது முயற்சிக்காக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். மேலே பத்தொன்பது நாடுகளும் கூடும் பொதுப்பேரவை, அதன் கீழே செயற்குழு, பக்கத்தில் தொழில்நுட்பக் குழுக்கள், ஓரத்தில் எல்லோருக்கும் காகிதம் தயாரித்துக் கொடுக்கும் செயலகம். அம்புக்குறிகள் மேலும் கீழும் ஓடின. கணவன் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பான்.

"பட்டன் எல்லாம் பளபளன்னு இருக்கு. எந்த மாடிக்கும் போகாது போலிருக்கே" என்றான் ஒருநாள்.

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனாலும் சிரித்தாள்.

தேர்வுக்கு முன்னால், கூட்டம் நடக்கும் ஒரு வாரத்துக்கு ஊமைக் கூண்டில் உட்காரலாம் என்று அமைப்பு அனுமதி கொடுத்தது. ஊமைக் கூண்டு என்றால் மற்ற கூண்டுகளைப் போலவேதான் இருக்கும். மைக் மட்டும் யார் காதுக்கும் போகாது. பழகுகிறவர்கள் அதில் உட்கார்ந்து கூட்டத்தோடு சேர்ந்து பேசிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் கெஞ்சி ஐந்து நாள் விடுப்பு வாங்கினாள். அந்த வருடத்தில் மிஞ்சியிருந்ததே அந்த ஐந்து நாள்தான்.

அவள் மொழிக் கூண்டின் பொறுப்பாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் கடிகாரம். கைக்கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டில் இருக்கும்படி கட்டியிருப்பாள். எழுதும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் முதலில் மணியைக் குறிப்பாள். வயது முப்பத்துநான்கு. அவளைவிட ஒன்பது வயது சின்னவள் என்றாலும் பார்த்ததும் எழுந்து நிற்கத் தோன்றும்.

முதல் நாள் இடைவேளையில் கடிகாரம் ஊமைக் கூண்டுக்குள் வந்து, அவள் பேசிப் பதிவு செய்திருந்ததில் ஐந்து நிமிடம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நீங்க ரொம்ப அன்பா பேசறீங்க."

"அது தப்பா?"

"கீழ பேசின ஆளு அன்பா பேசலையே. மரியாதையா மிரட்டறார். 'எங்கள் நண்பர்கள் யோசிப்பார்கள் என்று நம்புகிறோம்'னா, யோசிக்கலைன்னா பார்த்துக்கலாம்னு அர்த்தம். நீங்க அதை ஆறுதலா மாத்திட்டீங்க. அடிபட்டவர் ஆறுதல்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார்."

"பழக்கதோஷம். ஆஸ்பத்திரில அப்படித்தான்..."

"அங்க நோயாளி ஒருத்தர்தான் பயந்திருப்பார். இங்க பத்தொம்பது பேரும் பயந்துக்கிட்டுதான் இருக்காங்க. நாம யாருக்கும் சொந்தக்காரங்க இல்லை."

இரண்டாம் நாள் காலை முழுவதும் ஒரே ஒரு வினைச்சொல்லில் கழிந்தது. ஓர் அறிக்கையை அமைப்பு 'வரவேற்கிறது' என்று எழுதுவதா, 'பாராட்டுகிறது' என்று எழுதுவதா, 'கவனத்தில் கொள்கிறது' என்று எழுதுவதா என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். நடுவே ஒரு நாட்டின் பிரதிநிதி தூங்கி விழித்து, தூங்குவதற்கு முன் எதிர்த்த சொல்லையே இப்போது ஆதரித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊமை மைக்கில் பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை வறண்டது; தலைக்குள் வண்டு பறப்பதுபோல இருந்தது.

வெளியே தள்ளுவண்டியில் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த செயலகத்து ஆவணப் பிரிவுக்காரரிடம் கேட்டாள். "சார், 'கவனத்தில் கொள்கிறது'ன்னா உண்மையில என்னதான் அர்த்தம்?"

"கல்யாண வீட்டுல, பிடிக்காத சொந்தக்காரர் எதிர்ல வந்தா தலையை மட்டும் ஆட்டிட்டுப் போவோமே, அதான்மா" என்றார் அவர். "பார்த்தேன்னு ஒத்துக்கறோம். பேசினேன்னு சொல்லிடாதே."

அன்று மாலை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: இதுவரை 'அமைப்பு சொன்னது, அமைப்பு முடிவெடுத்தது' என்றே பேசிவந்திருக்கிறேன். அமைப்பு என்று ஓர் ஆள் இங்கே இல்லை. நாடுகள் பேசுகின்றன. தலைவர் நேரத்தைப் பார்க்கிறார். செயலகம் முதுகுக்குப் பின்னாலிருந்து காகிதம் நீட்டுகிறது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் பொறுத்துக்கொள்ளும் கணத்தில் மட்டும் அமைப்பு வாய் திறக்கிறது. எழுதி முடித்ததும், புரிந்துவிட்டது என்றே தோன்றியது.

மூன்றாம் நாள் மதியம் காப்பி மெஷினுக்கு முன் வரிசையில் நின்று கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வைத்ததும் பின்னாலிருந்து ஒரு குரல். "நம்ம மொழியா அம்மா? கேட்டு எவ்வளவு நாளாச்சு."

கூட்டத்தில் ஆற்றின் கடைசியில் இருக்கும் நாட்டின் பிரதிநிதி அவர். நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெறும் வயதில் இந்தப் பொறுப்புக்கு அனுப்பப்பட்டவர். கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. மண்டபத்தில் எல்லோரும் பேசிக்கொள்ளும் பொதுமொழி அவருக்குச் சரியாக வராது. எண்களும் அளவுகளும் புரியும், அவ்வளவுதான்.

"நாங்க வால்பக்கத்து ஆளுங்க" என்றார். "மேல குளிச்சு முடிச்சப்புறம் எங்களுக்கு வரும். இல்லைன்னா மொத்தமா எங்க தலைமேல வந்து விழும்."

இரண்டு வருடத்துக்கு முன், ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் மேல்நாட்டின் அணையில் ஒரு சொல்கூடச் சொல்லாமல் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் இருந்த பம்ப் ஹவுஸோடு ஏழு தொழிலாளர்கள் போய்விட்டார்கள்.

"ஒரே ஒரு போன் அடிச்சிருந்தா மேட்டுல ஏறி உக்காந்திருப்பாங்க. அந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட்னு பட்டியல் போட்டவன் நான்தான்மா." காப்பிக் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "அணை திறக்கறதைப் பத்தின இந்தப் பதினாலாம் பத்தி ஒண்ணு நிறைவேறிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"நிறைவேறும் ஐயா" என்றாள். ஆஸ்பத்திரியில் தினமும் சொல்கிற தொனி அது.

நான்காம் நாள் பிற்பகல் பதினாலாம் பத்திக்கு வந்தார்கள். அணையைத் திறக்கும் முன் கீழே இருக்கும் நாடுகளின் இசைவைப் பெற வேண்டும் என்றது வால்பக்கத்து நாடு. இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை, எங்கள் அணை எங்களுடையது என்றது மேல்நாடு. மற்ற பதினேழு நாடுகளும் மாறி மாறிச் சமாதானம் பேசின. நாலு மணியானது, ஐந்தானது. ஐந்தே முக்காலுக்கு மேல்நாட்டுப் பிரதிநிதி, புதிய வாசகம் ஒன்று கொண்டுவந்திருக்கிறோம், இன்னும் சில நிமிடம் வேண்டும் என்றார்.

ஆறு மணிக்குக் கடிகாரம் மைக்கை அணைத்தாள். தலைவர் கூண்டுகளை நிமிர்ந்து பார்த்து, மொழிபெயர்ப்பாளர்கள் பெரிய மனது பண்ணி இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியுமா என்று கேட்டார். ஐந்து கூண்டுகளிலும் ஹெட்போன்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. கடிகாரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"போறீங்களா? இப்பவா?" என்று வழியை மறித்தாள் அவள். "கீழ அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் புரியாதே."

"மூணு மணி நேரம். அதுக்கு மேல பேசறதில்லை. நீங்களும் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள் கடிகாரம். அவளோடு மாற்றி மாற்றிப் பேசுகிறவர் ஏற்கெனவே படியிறங்கிவிட்டார்.

கீழே தலைவர், உறுப்பினர்கள் சம்மதித்தால் பொதுமொழியிலேயே தொடரலாம் என்றார். பலர் தலையாட்டினார்கள். ஹெட்போனில் சத்தம் நின்றுபோனதும் வால்பக்கத்துக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். குழப்பத்தோடு பின்சுவரின் கூண்டுகளைப் பார்த்தார். பிறகு, பேச வேண்டும் என்பதற்கு அடையாளமாக, தன் நாட்டுப் பெயர்ப்பலகையைத் தூக்கப் போனார்.

எப்போது கடிகாரத்தின் கூண்டுக்குள் நுழைந்தோம் என்று அவளுக்குப் பின்னால் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கடிகாரத்தின் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. மைக்கின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரத்தில் ஒலிக்கருவியருகே இருந்த டெக்னீஷியன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார், நிறுத்தவில்லை.

"ஐயா, நான் பேசறேன். கேக்குதா?" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பெயர்ப்பலகையை மறுபடி மேசைமேல் வைத்தார்.

நாற்பது நிமிடம் தனியாகப் பேசினாள். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டிய வேலை அது. இருபதாவது நிமிடத்தில் வாக்கியங்களின் வால்கள் நழுவத் தொடங்கின. முப்பதாவது நிமிடத்தில் அவள் கண்ணுக்கு மண்டபம் தெரியவில்லை. அந்தப் பெரிய கோட்டுத் தோள் மட்டும் தெரிந்தது. மேல்நாட்டுக்காரர் தன் புதிய வாசகத்தை மெதுவாகப் படித்தார். கீழே உள்ள நாடுகளோடு கலந்தாலோசித்த பின்னரே மதகுகள் திறக்கப்படும்.

"கீழ இருக்கிற நாடுகளைக் கேட்ட பிறகுதான் மதகைத் திறப்பாங்க" என்றாள் அவள்.

பெரியவர் நிமிர்ந்தார். மைக்கை இழுத்துக்கொண்டு தன் மொழியிலேயே கேட்டார். "எங்களைக் கேட்ட பிறகுதானே? நிச்சயமா?"

கலந்தாலோசித்த பிறகுதானே என்று கேட்கிறார், என்று பொதுமொழியில் சொன்னாள் அவள். ஆமாம், அதில் என்ன சந்தேகம், என்றார் மேல்நாட்டுக்காரர். ஆமாம் என்று சொல்றார் ஐயா, என்றாள்.

நிறைவேறியது என்று தலைவர் சுத்தியலைத் தட்டினார். கைதட்டல் எழுந்தது. பெரியவர் எழுந்து நின்று கூண்டைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். பஸ்ஸில் வரும்போது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவருக்கு நல்ல செய்தி சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தாள். ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினாள்.

வீட்டில் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பாதியில் கணவனுக்குப் போன் வந்தது. ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தின் மேனேஜர். லிஃப்ட் பழுதில் நிற்கிறது, காவலாளி மெயின் ஸ்விட்சைப் போடட்டுமா என்கிறார்.

"யாரும் கை வைக்கக் கூடாது. என்னைக் கேட்டுத்தான் போடணும், சொல்லிட்டேன்" என்று வைத்தான்.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"உங்களைக் கேட்டுத்தான் போடணும்னீங்களே. அவங்க கேக்கறாங்க, நீங்க வேண்டாம்கறீங்க. அப்ப?"

"அப்ப போடக் கூடாது. வேண்டாம்னதுக்கு அப்புறமும் போடறதுன்னா எதுக்கு என்னைக் கேக்கறது?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கலந்தாலோசிப்பது என்றால், பேசிவிட்டு, நீ வேண்டாம் என்றாலும் அவன் திறக்கலாம். ஒருவரைக் கேட்டுச் செய்வது என்றால், நம் பேச்சில், அவர் சரி என்று சொல்ல வேண்டும். பெரியவர் இரண்டாவதைத்தான் கேட்டார். உறுதிசெய்யத் திருப்பியும் கேட்டார். அந்தக் கேள்வியையும் அவளே போகும் வழியில் மாற்றிவிட்டாள். இரண்டு பக்கமும் ஆமாம் சொன்னது வேறு வேறு வாக்கியங்களுக்கு.

"தெரிஞ்சு செய்யலையே" என்றான் கணவன். "யாருக்கும் தெரியாமகூடப் போகலாம்."

"அடுத்த மழையில தெரியும்" என்றாள்.

சாப்பாட்டை மூடி வைத்தாள். படுத்தாள், தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

காலை எட்டரைக்கு மண்டப வாசலில் கடிகாரத்துக்காகக் காத்திருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கடிகாரம் பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஏன் ஆறு மணிக்கு எழுந்து போறேன்னு நினைச்சீங்க? பஸ் பிடிக்கவா?"

அவள் கடிகாரத்தின் பையைப் படிக்கட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"களைச்சுப் போனா மூளை பழைய வேலைக்குத் திரும்பிடும். உங்க மூளை ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. அது ஒண்ணு." கடிகாரத்தின் குரல் உயரவில்லை. "இன்னொண்ணு இருக்கு. நாங்க எழுந்து போனா, இனிமே இங்க எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு அர்த்தம். எனக்குப் புரியலை, நிறுத்துங்கன்னு ஒரே ஒரு ஆள் பலகையைத் தூக்கினாப் போதும். கூட்டம் முடிஞ்சுது. பெரிய நாடுகள் இழுத்து இழுத்து ஆறு மணிக்கு மேல கொண்டு போறதே, சின்ன நாடு களைச்சுப்போய்த் தலையாட்டும்னுதான். அவர் கையில இருந்தது அந்தப் பலகை ஒண்ணுதான். அவர் தூக்கினாரா?"

"தூக்கப் போனார். என் குரல் கேட்டதும் கீழ வச்சுட்டார்."

கடிகாரம் கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். கடிகாரமோ படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். மூலையில் மணி குறித்து, தலைவருக்கு நாலு வரி எழுதினாள். "கையெழுத்து நீங்க போடுங்க. உங்க தேர்வு போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

போட்டாள்.

மற்றதை ஆவணப் பிரிவுக்காரர் பார்த்துக்கொண்டார். விதிப்புத்தகத்தோடு வந்து தலைவரின் காதருகே குனிந்தார். நியமிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இல்லாத நேரத்தில் நடப்பது கூட்டம் ஆகாது, வெறும் பேச்சு. ஆறு மணிக்கு மேல் நடந்த எதுவும் பதிவேட்டில் ஏறாது. தலைவர் இதை அறிவித்தபோது மண்டபம் இரைந்தது. மேல்நாட்டுக்காரர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். நேற்று விட்டுக்கொடுத்தோம், அதை நீங்களே தூக்கிப் போட்டுவிட்டீர்கள், இனி எங்களிடம் புதிய வாசகம் எதுவும் இல்லை, என்றார். மதியத்துக்குள் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. பதினாலாம் பத்தி அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அமைப்பு கவனத்தில் கொள்கிறது என்று ஒரு வரி எழுதினார்கள். கடிகாரம் அதை ஏற்ற இறக்கம் இல்லாமல் மொழிபெயர்த்தாள். ஊமைக் கூண்டுக்குப் போக அனுமதி இல்லாததால், அவள் பார்வையாளர் பகுதியில் கடைசி நாற்காலியிலிருந்து அதைக் கேட்டாள்.

பெரியவரை வராந்தாவில் பிடித்தாள். பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, தப்பு என்மேலதான். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு..."

"காலையில, கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டியிருக்குமே, அந்தப் பொண்ணு வந்து எல்லாம் சொல்லுச்சு" என்றார் அவர். நிமிரவில்லை. "நேத்து ஊருக்குப் போன் பண்ணி, ஜெயிச்சுட்டோம்னு சொன்னேன். இன்னிக்குப் பண்ணி, இல்லைன்னு சொன்னேன்."

பூட்டு விழுந்தது. பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க நேத்துச் சரியா சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். கலந்தாலோசிக்கறது... வெறும் பேச்சுதான். ஆனா பேசறதுன்னா போனாவது அடிக்கணும்ல? ஒரு போன். சரின்னு தலையாட்டியிருப்பேன்னுதான் தோணுது."

இசைவு கிடைக்காது என்று தெரிந்து, ஒரு போனோடு திருப்திப்பட்டு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். உதவி செய்யப் போய் அதையும் கெடுத்துவிட்டாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்றாள்.

"இல்லைம்மா." இந்த முறை அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது, இல்லாமலில்லை. "சொல்லாம இருந்திருந்தா, கேப்பாங்க கேப்பாங்கன்னு நாங்க பேசாம உக்காந்திருப்போம். இப்ப யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரியும். ஆளுங்களை மேட்டுல படுக்கச் சொல்லுவேன்."

டாக்ஸி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் பெட்டியைத் தூக்கப் போனாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அவரே இழுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். அந்த வருடம் தேர்வு எழுதக் கூடாது என்று கடிதம் வந்தது. கடிகாரத்தின் அறிக்கை அதோடு இணைக்கப்பட்டிருந்தது: அனுமதியில்லாமல் மைக்கை எடுத்தார், தவறு செய்தார், மறுநாள் காலை தானாகவே வந்து சொன்னார். மூன்றே வரி, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வார்டில் அவள் பேச்சு மாறியது. பரவியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், 'பரவியிருக்கலாம்' என்றே சொன்னாள். பயப்படாதீங்க என்று சேர்க்கவில்லை. ஒரு வயதான அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க முன்ன மாதிரி இல்லை" என்றாள். இன்னொருவர் மட்டும், டாக்டரிடம் மறுகேள்வி கேட்டார். ஆறு வருடமாக வருகிறவர். அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். எது சரி என்று அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. மாலையில் உடம்பு அசந்து போவது மட்டும் குறையவில்லை.

மழைக்காலத்தில் தினமும் செய்தி பார்த்தாள். மேல்நாட்டு அணை இரண்டு முறை திறந்தது. கீழே யாரும் சாகவில்லை. வால்பக்கத்து நாட்டில் ஆற்றங்கரைத் தொழிலாளர்களைக் கூடாரம் போட்டு மேட்டில் தங்கவைத்ததாக நாலு வரியில் ஒரு செய்தி இருந்தது. அதை மட்டும் கத்தரித்து நோட்டில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் தேர்வு எழுதித் தேறினாள். தேர்வாளர் மேசையில் கடிகாரமும் இருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாசலில் மட்டும், "திங்கக்கிழமை ஒம்பதரைக்கு. தண்ணி பாட்டில் கொண்டு வாங்க, இங்க இருக்கிறது போதாது" என்றாள்.

பதினாலாம் பத்தி அதற்கும் அடுத்த வருடம்தான் நிறைவேறியது. 'முன்கூட்டித் தெரிவித்து' என்று வந்தது. இசைவும் இல்லை, ஆலோசனையும் இல்லை; திறக்கும் முன் ஒரு போன் அடித்தால் போதும். பெரியவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தலைவர் சுத்தியலைத் தட்டியபோது காலை பதினொன்றே கால். கூண்டில் அவள் முறைதான். 'தெரிவித்து' என்பதைத் தெரிவித்து என்றே சொன்னாள். இளம்பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைதான். அடுத்த பத்தி தொடங்கிவிட்டது. அது படகுப் போக்குவரத்துக் கட்டணத்தைப் பற்றியது; முப்பத்திரண்டு உட்பிரிவுகள் இருந்தன.